டோர் ஆன்டி காவல் காத்த தீக்கதவுகள்

பிரிக்ஃபீல்ட்ஸில் இதுவரை குடியிருந்தவர்களிலேயே அதிகம் திட்டு வாங்கியவர் யார், அதிகம் திட்டியவர் யார் என்று போட்டி வைத்தால், இரண்டு பரிசையும் எங்கள் டோர் ஆன்டியே தட்டிக்கொண்டு போவார். இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் ஒரு அடுக்குமாடி நிர்வாகம் அவரால் தூக்கம் கெட்டுத் திரிவதாகக் கேள்வி. சந்தோஷம். படட்டும்.

ஆன்டியின் நிஜப் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஒன்பதாவது மாடியில், என் வீட்டுக்கு எதிர் வீடு. அவருக்குப் பேரன் பேத்திகள் உண்டு. ஆனால் அவர் கண்ணும் கருத்துமாக வளர்த்தது மாடிப்படி வாசல்களில் இருந்த தீக்கதவுகளைத்தான். டோர் ஆன்டி என்ற பெயர் அப்படி வந்தது.

தீக்கதவு என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கீழே தீப்பிடித்தால் புகையும் நெருப்பும் மாடிப்படிக்குள் புகாமல் தடுக்கும் கனமான கதவு. திறந்து விட்டால் தானே மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் அதற்கு வேலை. அந்த ஒரே வேலையைச் செய்ய விடாமல் தடுப்பதற்கு எங்கள் கட்டட மக்கள் காட்டிய அறிவுக்கூர்மையை வேறெதிலாவது காட்டியிருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்! காற்று வர வேண்டுமாம், பூனை போய் வர வேண்டுமாம். கதவு மூடாமலிருக்கச் செங்கல், பூந்தொட்டி, அரிசி மூட்டை, ஒரு வீட்டில் பழைய குக்கர்.

ஆன்டி லிப்டில் ஒவ்வொரு மாடியாகப் போய் அத்தனையையும் பறிமுதல் செய்வார். கீழே லிப்டுக்கு எதிரே மேசை போட்டுக் காட்சிக்கு வைப்பார். உரியவர் வந்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் பொருள் திரும்பக் கிடைக்கும்.

அப்படி ஒருநாள் மேசையில் உடற்பயிற்சி செய்யும் இரும்புக் குண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. அது எங்கள் நிர்வாகக் குழுத் தலைவருடையது. அவரை எல்லாரும் டத்தோ என்று அழைப்போம். எந்த அரசாங்கமும் அவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்ததில்லை. வீட்டுக்குத் திரைச்சீலை விற்பவர். நடையில் மட்டும் பட்டம் இருந்தது.

"ஆன்டி, என் சாமான எடுக்க நீங்க யாரு? நான் சேர்மன் லா!" என்றார் டத்தோ.

"சேர்மன் எண்டா நெருப்பு உங்களைக் கும்பிட்டுப் போட்டுப் போகுமோ? மன்னிப்புக் கேளுங்கோ, தாறன்."

டத்தோ கேட்கவில்லை. குண்டு மேசையிலேயே துருப்பிடித்தது. பகை தொடங்கியது.

புத்தாண்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது பகை முற்றியது. கதவின் ஓரத்தில் ஒரு பட்டை ஓடும். சூடு பட்டால் அது உப்பி, இடுக்கை அடைத்துவிடும். டத்தோ கூட்டி வந்த ஆட்கள் அந்தப் பட்டையின் மேலேயே தடிமனாகப் பெயிண்ட் பூசிவிட்டார்கள். கதவு தீக்கதவுதான் என்று சான்று சொல்லும் தகடும் பெயிண்டுக்குள் மறைந்து போயிற்று. ஆன்டி கத்திய கத்தலில் கீழ்க்கடை ரொட்டி சானாய்க்காரர் மாவைக் கீழே போட்டுவிட்டார்.

டத்தோ அசரவில்லை. மாறாக, கதவுகள் பழசாகிவிட்டன, எல்லாவற்றையும் மாற்றப் போகிறோம் என்று அறிவித்தார். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு குத்தகைக்காரர் மாதிரிக் கதவைக் கொண்டு வந்து நிறுத்தினார். பார்க்க ஜோராக இருந்தது. தேக்கு நிறம், பூ வேலைப்பாடு. ஆன்டி பாசாரில் தர்ப்பூசணி வாங்குபவரைப் போல அதை விரலால் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"தம்பி, இது உள்ளுக்க வெறுமையா இருக்கே?"

"இல்ல ஆன்டி, சேம் சேம்தான். இதுவும் நெருப்பு தாங்கும்."

"சோதிச்சுப் பாத்த சான்றிதழ் எங்க?"

"வரும் லா, ஆன்டி. பின்னாடி வரும்."

"நெருப்பு முன்னால வந்தா?"

குழு சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதில் தெரியாத கேள்வியைக் கேட்டால் சிரிப்பது எந்த ஊர் நியாயம்?

ஆன்டி அதற்கு மேல் வாதாடவில்லை. மறுவாரம் குழுவினர் அனைவரையும், கூடவே என்னையும், பந்திங்கில் தம்பி மகனுடைய தோட்டத்துக்கு நண்டுக்கறி விருந்துக்கு அழைத்தார். சமாதானம் பேசத்தான் கிழவி இறங்கி வருகிறாள் என்று டத்தோ பட்டு பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். போய்ப் பார்த்தால், தோட்டத்துச் சுவரில் இரண்டு கதவுகள் சாய்ந்து நிற்கின்றன. ஒன்று குத்தகைக்காரரின் மாதிரி. இன்னொன்று, நிலை நசுங்கியதால் கழற்றிக் கிடங்கில் போட்டிருந்த எங்கள் பழைய தீக்கதவு. இரண்டையும் லோரியில் ஏற்றி வந்திருக்கிறார்! இரண்டுக்கும் முன்னால் காய்ந்த செம்பனை மட்டைகள் குவிந்திருந்தன.

"முதல்ல நெருப்பு, பிறகு நண்டு," என்றார் ஆன்டி. யாரும் தடுப்பதற்குள் பற்ற வைத்துவிட்டார்.

பூ வேலைப்பாட்டுக் கதவு ஒரு குவளை தேநீர் ஆறும் வரைகூடத் தாங்கவில்லை. நடுவில் ஓட்டை விழுந்தது. உள்ளே இருந்தது தேன்கூடு மாதிரி மடித்த அட்டை! பழைய கதவு கறுத்துப் புகைந்து, ஆனால் கல்லுப்பிள்ளையாராக அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து சைரன் சத்தம். புகையைக் கண்ட பக்கத்துத் தோட்டக்காரர் பொம்பா வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்.

தீயணைப்பு அதிகாரி இறங்கி, வெளியில் இப்படி எரிப்பது தவறு என்று ஆன்டியைக் கண்டித்தார். தண்ணீர் அடித்து அணைத்த பிறகு இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். ஓட்டைக்குள் கையை விட்டு அட்டைச் சாம்பலை அள்ளினார்.

"இதையா மாட்டப் போறாங்க?" என்று மலாயில் கேட்டார்.

ஆன்டி டத்தோவைக் கை காட்டினார். அதிகாரி டத்தோவிடம் என்ன சொன்னாரோ, பாத்தேக் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. நண்டை அவர் தொடவே இல்லை. தீயணைப்பு வீரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

முறையான கதவுகள் வந்தன. எப்படி வந்தன தெரியுமா? 'நமது நிர்வாகக் குழுவின் விழிப்புணர்வால்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதி, டத்தோ கதவோடு கை குலுக்கும் படம் ஒட்டினார்கள். ஆன்டியின் பெயரில் ஓர் எழுத்துகூட இல்லை! நான் கொதித்தேன். ஆன்டியோ, "அது கிடக்கட்டும் பிள்ளை. மூன்றாம் மாடிக் கதவு முழுசா மூடுதில்லை, அதை இழுத்து மூடுற இழுவையைச் சரி பண்ணச் சொல்ல வேணும்," என்றார்.

ஒரு சனிக்கிழமை மதியம், மீன் வாங்கிக்கொண்டு பாசாரிலிருந்து வருகிறேன், கட்டடத்தின் முன்னே கூட்டம். ஆறாம் மாடியில் ஒரு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் பேட்டரி வெடித்துத் தீப்பிடித்துவிட்டது. வீட்டுக்காரர்கள் தப்பி வந்துவிட்டார்கள். நடைபாதை முழுக்கக் கரும்புகை. ஆனால் மாடிப்படியில் புகை ஏறவில்லை. எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள், டத்தோ உட்பட.

ஆன்டியைக் காணோம்.

நான் மீன் பையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். தீயணைப்பு வீரர் என்னைப் பிடித்து நிறுத்தினார். கத்தினேன், அழுதேன், அவரை என்னென்னவோ திட்டினேன். கடைசியில் மாடிப்படிக் கதவு திறந்தது. இன்னொரு வீரரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி ஆன்டி வந்தார். அவர் பின்னால் கதவு தானே மூடிக்கொண்டது.

"இவ்வளவு நேரம் உள்ளே என்ன செஞ்சீங்க? ஒவ்வொரு கதவையும் சரிபார்த்துட்டு வந்தீங்களா? அறிவு இருக்கா உங்களுக்கு?" என்று கூட்டத்தின் நடுவே கத்தினேன்.

ஆன்டி என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரலில் சண்டையே இல்லை.

"கதவைப் பாக்கேல்லை, பிள்ளை. என்ட முழங்கால் ரெண்டும் போய் கன காலம். ஒன்பது மாடி நான் இப்பிடித்தான் இறங்குவன். எனக்கு அவ்வளவு நேரம் வேணும். அதுக்குத்தான் அந்தக் கதவுகள்."

டத்தோ ஒரு நாற்காலியைத் தேடி எடுத்து வந்து போட்டார். ஆன்டி அதில் உட்கார்ந்து, அவரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கட்டடத்துக்குள் திரும்ப அனுமதிக்கும்வரை எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தோம். பேசிக்கொண்டே இருந்த ஆன்டி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். தோள் மரத்துப் போயிற்று. நான் அசையவில்லை.