முள்ளம்பன்றி பரண் ஒழித்த கதை

ஒரு காட்டில் மிருகங்கள் எல்லாம் ஓட்டு வீடு கட்டி, உள்ளே பரண் வைத்து, நாகரிகமாக வாழ்ந்துவந்தன. அங்கே வடமலை என்றொரு முள்ளம்பன்றியும் அதன் மனைவி செங்கமலமும் குடியிருந்தன.

அந்த வீட்டுப் பரண் சரியாகப் படுக்கைக்கு மேலே இருந்தது. ஓடாத மிக்சி, சக்கரம் போன சூட்கேஸ், கல்யாணத்துக்கு வந்த பதினோரு சுவர்க்கடிகாரங்கள், டிவி செத்த பிறகும் சாகாமல் இருந்த அதன் அட்டைப்பெட்டி என்று அதில் இல்லாதது இல்லை. பாரம் தாங்காமல் பலகை தொய்ந்து, கீழே படுத்து அண்ணாந்து பார்த்தால் யானையின் வயிறு மாதிரி தெரிந்தது.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடு ஒழுகி அட்டைப்பெட்டிகள் நனைந்தால் கனம் இன்னும் கூடும், அப்புறம் எல்லாம் தன் தலைமேல்தான் என்று வடமலை பயந்தது. பயத்தில் சோறு இறங்கவில்லை. செங்கமலமோ அதே பரணுக்கடியில் குறட்டை விட்டுத் தூங்கியது.

வேண்டாததைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று வடமலை மெதுவாகச் சொல்லிப் பார்த்தது.

“அதுல வேண்டாதது எதுங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்” என்றது செங்கமலம்.

சரி, பரணையாவது பலப்படுத்துவோம் என்று முடிவாயிற்று.

அந்தக் காட்டில் பரணுக்கு ஒரு முட்டுக் கொடுப்பதானாலும் அனுமதி வாங்க வேண்டும். வடமலை அலுவலகத்துக்குப் போய் ஒரு நத்தைக்குப் பின்னால் வரிசையில் நின்றது. வரிசை நகர்ந்த அழகைப் பார்த்து நத்தையே சலித்துக்கொண்டது. ஒரே ஆறுதல், வடமலையின் முதுகை யாரும் இடித்துக்கொண்டு நிற்கவில்லை.

கவுண்டரில் ஒற்றைக் காலில் நின்றிருந்த கொக்கு ஒரு படிவத்தை நீட்டியது. பரணில் உள்ள ஒவ்வொரு பொருளையும் எழுதி, அது ஏன் தேவை என்ற காரணத்தையும் எதிரே எழுத வேண்டும். காரணம் இல்லாததைக் கழித்துக்கட்ட வேண்டும். பிறகு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அந்த அதிகாரியும் தானேதான் என்று கொக்கு சொன்னது.

வடமலைக்கு உள்ளூரச் சந்தோஷம். இனிமேல் கழிப்பது அரசாங்கம், தான் இல்லை.

மறுநாள் காலை ஏணி போட்டு ஏறியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் முதுகு முட்களில் தெர்மாகோலும் பழைய காலண்டர்களும் தலையணைகளும் தாமாகவே குத்திக்கொண்டு வந்தன. செங்கமலம் அவற்றைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துப் படிவத்தை நிரப்பியது. மிக்சி ஓடாவிட்டாலும் மூடி நல்ல மூடி. கடிகாரம் கொடுத்தவர்கள் யாராவது வந்தால் அவரவர் கடிகாரத்தை அன்றைக்கு மாட்ட வேண்டும். அட்டைப்பெட்டி, டிவி வைப்பதற்கு.

“நம்மகிட்டதான் டிவியே இல்லையே?” என்றது வடமலை.

“வாங்கினா?” என்றது செங்கமலம்.

சாயங்காலம் படிவம் நிறைந்தது. வீடும் நிறைந்தது. படுக்கை எந்தக் குவியலுக்கு அடியில் போயிற்று என்றே தெரியவில்லை. கழிக்க வேண்டியது ஒன்றுகூடத் தேறவில்லை.

உட்கார இடமில்லாமல் இரண்டும் காலிப் பரணில் ஏறின. பாரம் இறங்கிய பலகை நிமிர்ந்திருந்தது. காற்று சுகமாக வந்தது. முள்ளம்பன்றிகளுக்கு நிமிர்ந்து நிற்கும் வழக்கம் இல்லாததால் தலையும் இடிக்கவில்லை. நாலே நாளில் உடைந்த ஓடுகளை மாற்றி, வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு போட்டு, சுண்ணாம்பு அடித்து, அடுப்பையும் மேலே ஏற்றிவிட்டன.

அடுத்த வாரம் கொக்கு வந்தது. கீழே கால் வைக்க இடம் தேடி, ஒரு கால்தானே என்று மிக்சிமேல் நின்று நாலாபக்கமும் பார்த்தது. பிறகு பரணுக்கு ஏறி, செங்கமலம் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் படிவத்தை எடுத்தது.

“ஐயா, சாமான் இருக்கிற இடம் பரண், ஆள் இருக்கிற இடம் வீடு. சட்டம் அப்படித்தான் சொல்லுது. உங்க பரண் தரையிலயே இருக்கு. அது எங்க விழப்போகுது? அனுமதியே தேவையில்ல” என்று முத்திரை குத்திவிட்டுப் பறந்தது.

அன்று மத்தியானம் வடமலை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தது. செங்கமலம் பரண் விளிம்பில் உட்கார்ந்து கீழே கிடந்த சாமான்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண் கலங்கியிருந்தது.

“பாவங்க, இத்தனை வருஷமா நெருக்கியடிச்சுக் கிடந்துச்சுங்க. இப்பத்தான் காலை நீட்டிப் படுத்திருக்குதுங்க” என்றது.

நீதி: வீட்டில் இடம் போதவில்லையென்றால், வெளியேற வேண்டியது சாமான்கள்தான் என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடாதீர்கள்.