சின்ன அறையில் இருந்தவர்

சின்ன அறைக்குள் யாரோ மறுபடியும் செருமினார்.

"கேட்டதோ?" குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மங்கையற்கரசி எட்டிப் பார்த்தாள்.

"தண்ணிக் குழாய்" என்றான் புவனேந்திரன். அந்த அறையில் குழாயே இல்லையென்பது அவனுக்கும் தெரியும்.

மாத முடிவில் கணவனும் மனைவியும் இந்த நொய்கெல்ன் வீட்டை விட்டு டுசல்டோர்ஃப் நகருக்குப் போகிறார்கள். இந்த வீட்டுக்குக் கட்டிய முற்பணம் குறையாமல் திரும்பினால்தான் அங்கே புது வீட்டுச் சாவி கையில் வரும். சுவரில் ஒரு கீறலும் இருக்கக்கூடாது.

மங்கையற்கரசி அந்த அறையில் கற்பூரம் கொளுத்தி, சாம்பிராணியும் போட்டாள். செருமல் நின்று இருமல் தொடங்கியது. புகை ஒத்துக்கொள்ளவில்லைப் போலும். உட்கூரையிலும் கரி படிந்துவிட்டது.

புவனேந்திரன் பெயின்ட் வாங்கி அதை மறைத்தான். காய்ந்ததும் பழைய வெள்ளையோடு ஒட்டாமல் புது வெள்ளை நீளத் திட்டாகத் தெரிந்தது.

"என்னப்பா இது? மேல ஆரோ கால் நீட்டிப் படுத்திருக்கிற மாதிரியெல்லோ இருக்கு!"

"நிமிர்ந்து பாராதை."

"அவர் குனிஞ்சு பாக்கிறாரே!"

கெட்டது அண்டாமலிருக்கக் கதவு நிலைக்கு மேலே தேசிக்காய் கட்டச் சொன்னார் கோயில் ஐயர். ஆணி அடித்ததும் சுவரிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. ஓட்டையை மறைக்க அலுமாரியை இழுத்தான். தரையில் நீளமாக ஒரு கோடு விழுந்தது.

மறுநாள் பனி கொட்டிக்கொண்டிருந்த மத்தியானம். வேலையால் இருவரும் வந்து பார்த்தால், அலுமாரி பழைய இடத்தில் நின்றது. உதிர்ந்த சுண்ணாம்பு ஒரு மூலையில் அழகாகக் கூட்டிக் குவிக்கப்பட்டிருந்தது.

"நீங்களோ கூட்டினது?" மங்கையற்கரசி கேட்டாள்.

"நான் எப்பவாவது தும்புத்தடியைத் தொட்டிருக்கிறனோ?"

அவள் யோசித்துப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

அதன்பின் அந்தக் கதவைப் பூட்டிவிட்டு, அதைக் கடக்கும்போது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

வேலையிடத்தில் யாரோ சொன்ன சட்டம் நினைவுக்கு வர, புவனேந்திரன் வீட்டுக்காரரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தான். ஜெர்மன் மொழியில் துணிவாகவே பேசினான்: "முற்பணத்தை நீங்கள் வங்கியில் தனியாகப் போட்டு வைத்திருக்க வேண்டும். அதன் வட்டியும் குடியிருப்பவருக்குத்தான் சேரும்!"

பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ மெல்லக் கைதட்டினார்.

புவனேந்திரன் சத்தமில்லாமல் தொலைபேசியை வைத்தான்.

வீட்டைப் பொறுப்பெடுக்க வந்தவள் பேர்பெச்சுவா. அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த யாழ்ப்பாணப் பெண். பெயின்ட் திட்டையும் சுவர் ஓட்டையையும் தரைக் கோட்டையும் நிதானமாகப் பார்த்தாள். மங்கையற்கரசி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு கழிக்கப் போறியள், தங்கச்சி?"

"ஒண்டும் கழிக்கேல்லை அண்ணை. கட்டின காசு முழுக்க இருக்கு, பிடியுங்கோ."

புவனேந்திரனுக்கு நம்பவே முடியவில்லை. உறையை வாங்கிக்கொண்டான். உடனே துணிவும் வந்துவிட்டது.

"அப்ப அந்த வட்டி?"

பேர்பெச்சுவா ஆச்சரியமாகப் பார்த்தாள். "அதை நேற்று வந்து குடுத்திட்டனே அண்ணை! நீங்கள் வெளியில போயிருந்தனீங்கள். சின்ன அறையில இருக்கிற வெள்ளைக்கார ஐயாதான் வாசல் கதவைத் திறந்தவர். 'உடைஞ்சதெல்லாம் என்னாலதான், இந்தச் சனத்திட்டக் கழிக்காதை பிள்ளை. இவையளுக்கு முன்னம் குடியிருந்த எனக்கு வட்டி வரவேயில்லை. இவையளின்ர வட்டியை எனக்குத் தா, நான் போயிடுறன்' எண்டு ஜெர்மன்ல சொன்னவர்."