சாமியாரிடம் சத்தியம் வாங்கிய ரபி

சாமியாரையே மிரட்டிப் பூசை வைக்கச் சொன்ன மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எண்பதுகளில் ஈஜோக் பக்கம் எங்கள் தோட்டத்து மாதா கோவிலுக்கு உபதேசியாராக இருந்தவர். கிழமை நாட்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுவார். லோரியில் தொற்றிக்கொண்டவர்கள் பழங்கால யூதர்களின் குருக்களையும் ரபிகளையும் பற்றிக் கேட்டே தீர வேண்டும். அதனால் அவர் பெயரே ரபி ஆகிவிட்டது. அந்த லோரியில் சந்தைக்குப் போன முனியம்மாக்கா ஜெருசலேம் கோயில் நடைமுறையைக் கரைத்துக் குடித்துவிட்டு, கத்தரிக்காய் வாங்காமல் திரும்பி வந்தார்.

"பலி குடுக்குறவரு குரு. சட்டம் படிச்சவரு ரபி. பாவப் பரிகாரத் திருநாளுக்கு முன்ன, சொன்னதுல ஒண்ணும் மாத்தமாட்டேன்னு பெரிய குருகிட்டயே சத்தியம் வாங்குவாங்க லா. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் திரும்பி அழுவாங்க."

"அழுவானேன்?" என்று கேட்டேன்.

"நல்ல மனுசன சந்தேகப்பட்டுட்டமேன்னு இவங்க. சந்தேகப்பட்டுட்டாங்களேன்னு அவரு. அந்த ராத்திரி பெரிய குரு தூங்கக்கூடாது. கண்ணு சொக்குனா வெரல சொடுக்கி எழுப்புவாங்க."

எங்களுக்கு மாதம் ஒருமுறை பூசை வைக்க வந்த சாமியாருக்கு நல்ல வயது. நடுப்பூசையில் தூங்கிவிடுவார். விழித்ததும் இரண்டு செபங்களைத் தாண்டிவிடுவார். பிஷப் காதுக்கு எட்டினால் அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தோட்டத்துக்கு வேறு சாமியாரும் வரமாட்டார். ரபி விடுவாரா? ஒரு செபத்தையும் தாண்டமாட்டேன் என்று பூசைக்கு முன் சத்தியம் வாங்கினார். பூசையில் பக்கத்தில் நின்று விரலைச் சொடுக்கினார். அந்தச் சத்தம் தோட்டத்து ஆபீஸ் வரை கேட்டிருக்கும்.

ஒருநாள் சாமியார் பொறுமை இழந்தார். "நான் குருவா, நீரு குருவாய்யா? இனிமே இங்க வரமாட்டேன்."

தோட்டமே ரபியைத் திட்டித் தீர்த்தது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் லோரி ஓட்டினார். அந்த மௌனம் யூதக் கதைகளைவிடக் கொடுமையாக இருந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் பூசை கிடையாது என்றே நினைத்திருந்தோம். சாமியாரின் கார் வந்து நின்றது. இறங்கியவர் நேராகக் கோவில் பின்னறைக்குப் போய், பைபிள் மேல் கையை வைத்தார். அங்கே ரபி இருந்தார். நான் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கேளும்யா."

"என்ன சாமி?" என்றார் ரபி.

"சத்தியத்த. போன வாரம் டவுன் கோயில்ல பாதி பூசையில நின்னுட்டேன். சொடுக்க ஆளில்ல."

ரபி சத்தியத்தை வாங்கிக்கொண்டார். சாமியார் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார், ரபி ஜன்னல் பக்கம். இருவர் தோள்களும் குலுங்கின.

அன்று பரலோக மந்திரத்தின் நடுவே சாமியார் நின்றுவிட்டார். ரபியோ மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்து நான்தான் சொடுக்கினேன்.

இப்போதெல்லாம் பூசையில் எனக்கே கண் சொக்குகிறது. ரபி பக்கத்தில் நின்றால் தேவலை என்றிருக்கிறது.