தாண்டவராயன் விற்ற குக்கர்

இனிமேல் எவனிடமும் கைகட்டிச் சம்பளம் வாங்குவதில்லை என்று படப்பை தாண்டவராயன் தீர்மானம் செய்தார். மறைமலை நகரில் அவர் வேலை பார்த்த நட்டு போல்ட்டு கம்பெனியில் சூப்பர்வைசர் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். இதற்கு மேல் அங்கே நின்றால் தம் தலையில் இருக்கிற நட்டும் கழன்றுவிடும் என்று கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் பிரஷர் குக்கர் கம்பெனிக்காரர்கள் அவரை உடனே சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் கிடையாது. பஸ் சார்ஜ் கிடையாது. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் வணக்கம். உங்கள் உழைப்புக்கு யாரும் வரம்பு கட்ட முடியாது சார் என்றார் மேனேஜர். அதுவரை தாண்டவராயனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சாரிலேயே மனிதர் சாய்ந்துவிட்டார். கமிஷனோடு ஓரெழுத்து சேர்ந்தால் கமிஷனர்தானே என்று மனைவி மரகதத்திடம் வந்து பெருமையடித்துக்கொண்டார். அந்த ஓரெழுத்து வந்து சேருகிற வரைக்கும் உலையில் எதைப் போடுவது என்று மட்டும் அவள் கேட்டாள்.

முதல் மாதம் ராஜபோகம். மச்சான் ஒரு குக்கர் வாங்கினார். சித்தப்பா ஒன்று வாங்கினார். ஒரகடத்து ஒன்றுவிட்ட அக்கா அழுதுகொண்டே ஒன்று வாங்கினாள். அத்தோடு சொந்தபந்தம் தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் கல்யாணப் பந்தியில் அவர் போய் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து இலையும் காலியாகும்.

பிறகு தெருத்தெருவாக நடந்தார். கொளுத்துகிற வெயிலில் கழுத்தில் டை. அதைப் பார்த்தே பாதி வீடுகளில் ஜப்திக்கு வந்த ஆள் என்று கதவைச் சாத்தினார்கள். திறந்த பெண்கள், வீட்டுக்காரர் வரட்டும் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ஷிப்டு முடிந்து வந்த வீட்டுக்காரரோ, அவளைக் கேளுங்க என்றார். போதாததற்குக் குக்கர் வெடிக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. சாயங்காலம் சாம்பிள் குக்கர் கனக்கும் கம்பெனிப் பையோடு திரும்பி, நாளைக்கு ரெண்டு பார்ட்டி மடங்கிடும் என்பார். மடங்கியதெல்லாம் அவருடைய முழங்கால்தான்.

இந்த மாதம் ஒன்றாவது விற்காவிட்டால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று மேனேஜர் சொல்லியனுப்பியபோதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. மரகதம் சீட்டுக் கட்டிக் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தாள். வெளியே போணியாகாவிட்டால் என்ன, வீட்டுக்குள்ளேயே ஒரு கிராக்கி இருக்கிறாளே!

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார். நீராவியின் மகிமை, விறகு மிச்சம், நேரம் மிச்சம் என்று மூச்சுவிடாமல் பேசினார். மரகதம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் கீது மாமா. ஆனா பேச்சு வேகுமா? செஞ்சு காட்டு, பாக்கலாம்."

செய்து காட்டினார். சோறு மல்லிகைப்பூ மாதிரி வந்தது. சாப்பிட்டுவிட்டு, சோறு சரி, துவரம்பருப்பு வேகுமா என்று இழுத்தாள். மறுநாள் பருப்பும் வெந்தது. அதற்கடுத்த நாள் கொண்டைக்கடலை மேல் சந்தேகம் வந்தது. அப்புறம் கிழங்கு, அப்புறம் ஆட்டுக்கால். ஒவ்வொரு நாளும் இன்றைக்கு மடங்கிவிடுவாள் என்று அவர் நம்பினார். அவள் நன்றாகச் சாப்பிட்டாள், மடங்கத்தான் இல்லை.

பக்கத்து வீட்டுக் கனகமும் இன்னும் நாலைந்து பெண்களும் வாசல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். தாண்டவராயனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. குரலை உயர்த்தி, கரண்டியை ஆட்டி, குக்கர் விசிலடிக்கும் நேரத்தில் தாமும் சேர்ந்து விசிலடித்தார். வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவரிடம் ஒருத்தியும் குக்கர் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் தாம்பரத்து மேனேஜர் கையில் மாலையோடு தெருவில் வந்து இறங்கினார். பையைப் பிடுங்க வருகிறவன் எதற்கு மாலை கொண்டு வருகிறான் என்று தாண்டவராயன் குழம்பினார். ஒருவேளை தம் உழைப்பின் பெருமை தெரிந்துவிட்டதோ என்று கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டியும் வைத்தார். மேனேஜர் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, ஏஜென்ட் மரகதம் அம்மா வீடு இதுதானே என்று கேட்டார்.

விஷயம் மெதுவாகத்தான் வெளியே வந்தது. இவர் டை கட்டி வெயிலில் அலைந்த ஒரு மத்தியானம் மரகதம் பஸ் ஏறித் தாம்பரம் போய் ஏஜென்டாகச் சேர்ந்திருக்கிறாள். இவர் சமைத்து முடித்துப் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் வாசலிலேயே வியாபாரத்தை முடித்திருக்கிறாள். அந்த வட்டாரத்திலேயே அந்த மாதம் அதிகம் விற்றவள் அவள்தானாம்.

மனம் ஆறாமல் அவர் கனகத்திடம் போனார். நீராவி, பிரஷர் எல்லாம் சொன்னது நான், வாங்கினது மட்டும் அவளிடமா என்று நியாயம் கேட்டார்.

"நீங்க சொன்னது ஒண்ணும் எனக்குப் புரியலண்ணே," என்றாள் கனகம். "இது ஆம்பள சமைக்கிற பாத்திரம்னு அக்கா சொன்னாங்க. நீங்க சமைக்கிறத கண்ணால பாத்தேன். வாங்கிட்டேன்."

அவளுக்குப் பின்னால், அன்று ஷிப்டு இல்லாத அவள் புருஷன் எல்லப்பன் பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாண்டவராயனைப் பார்த்த பார்வையில் வெகுநாள் பகை தெரிந்தது.

மானம் போனதற்கு வருந்துவதா, வீட்டில் மறுபடி அரிசி மூட்டை வந்து இறங்கியதற்கு மகிழ்வதா என்று தெரியாமல் அவர் திரும்பி வந்தார். மரகதம் புதுப் புடவையில் பையை மாட்டிக்கொண்டு ஒரகடம் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஏன் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்க அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

"சாயங்காலம் ஒரகடத்துப் பொம்பளைங்கள இட்டுகினு வரேன் மாமா. கறிக்கொழம்பு வச்சுடு," என்றாள். நாலு அடி போய்த் திரும்பினாள். "வெங்காயம் அரியறப்ப மட்டும் அழாத. வாங்க வர்றவங்க பயந்துடுவாங்க."