செம்புக்கு மாறிய டாலர்

டாலர் சாம்ராஜ்யத்தை இனி நம்புவதில்லை என்று வயர்மேன் சாப்பாட்டு மேஜையில் முடிவெடுத்தார். கைபேசி வீடியோவில் ஒருவர் அரைமணி நேரம் மேஜையைத் தட்டிப் பேசியதன் பலன் அது.

"ஏம்மா, டாலர் கதை முடிஞ்சுது. ஒவ்வொரு நாடா கை கழுவுது."

"நீங்க முதல்ல சாப்பிட்ட கையைக் கழுவுங்க."

"சிரிக்காதே! ஒரு காலத்துல பவுண்டுதான் ராஜா. இப்ப அதை யாரு சீந்துறா? நாளைக்கு டாலருக்கும் அதே கதிதான்."

"நாளைக்கு ஆகட்டும். பொண்ணோட வெளிநாட்டுக் காலேஜ் ஃபீஸை டாலர்லதான் கட்டணும். என் அண்ணன் கப்பல்ல வேலை செஞ்சு குடுத்த பணம் பீரோவுல இருக்கு. அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

"வெறும் காகிதம்! அதையே செம்பா மாத்தி வெச்சா..."

"மூச்!"

வயர்மேன் மூச்சை அடக்கிக்கொண்டார். ஆசையைத்தான் அடக்க முடியவில்லை. மறுநாள் மனைவி கடைவீதிக்குக் கிளம்பியதும் பீரோவைத் திறந்து டாலர் கட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஹார்டுவேர் கடைக்காரரிடம் போய் நின்றார்.

"இதுக்குச் செம்புக் கம்பி குடுங்க. என் வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாது."

"நான் மூச்சு விடுவேனா?" என்ற கடைக்காரர், இறுக்கித் தைத்த சாக்கு மூட்டை ஒன்றை உள்ளேயிருந்து உருட்டி வந்தார். "பிரிக்காதீங்க. காத்து பட்டா மதிப்புப் போயிடும்."

வாழ்நாளெல்லாம் கம்பியோடு புழங்கிய மனிதர் அதையும் நம்பினார். உலகப் பொருளாதாரத்தையே முந்திவிட்ட மிதப்பில் மூட்டையைத் தூக்கி வந்து கட்டிலுக்கடியில் தள்ளினார்.

அடுத்த நாள் காலை மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே கத்தினாள். "அப்பா, ஃபீஸ் கட்ட இன்னைக்குத்தான் கடைசி நாள்! இல்லேன்னா சீட்டு போயிடும்!"

டாலரைத் திரும்ப வாங்கிவிட அவர் துள்ளி எழுந்தார். பக்கத்துக் கடைக்கு ஓடினார். ஷட்டர் இறக்கியிருந்தது. திரும்பி வந்தார், சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாவி! பொண்ணு படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன். டாலரை எல்லாம் செம்பா..."

"எழுந்திருங்க. ஃபீஸ் நேத்து மத்தியானமே பாங்க்ல கட்டியாச்சு. அவகிட்டதான் சொல்ல மறந்துட்டேன்."

"எதை வெச்சு?"

"டாலரை வெச்சுத்தான். நீங்க முன்வாசல் வழியா மூட்டையைத் தூக்கிட்டுப் போனீங்க, அவர் கடைப் பின்வாசல்ல நின்ன என்கிட்ட டாலர் கட்டைக் குடுத்துட்டாரு."

போன உயிர் திரும்பி வந்தது. அவர் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். டாலர் மேலேயே ஒரு பாசம் பிறந்துவிட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க எதைப் பத்தியாவது ஒருநாள் முழுக்கப் பேசிட்டு மறுநாள் வாயே திறக்கலேன்னா, பீரோவுல கை வைக்கப் போறீங்கன்னு அர்த்தம். அதான் காலையிலேயே அவர்கிட்ட சொல்லி வெச்சுட்டு, கடைவீதிக்குப் போறேன்னு கிளம்பினேன்."

"அப்ப செம்பு இலவசமா?" வயர்மேன் முகம் மலர்ந்தது.

"பரண்மேல நீங்க போட்டு வெச்ச பழைய வயர்தான் அது. நான்தான் அப்பவே அள்ளிக் குடுத்தேன்."

"அப்ப அந்த மூட்டையில அவரோடது ஒண்ணுமே இல்லையா?"

"சாக்கு அவரோடது. உதறிக் குடுத்துட்டு வந்துடுங்க."