ஏறுகிற பங்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, காகிதக் கிடங்கின் பொறுப்பாளர் ஒருவர் சிந்திக்கும் முதலீட்டாளராக மாறினார். அதுவரை அவர் முதலீடு செய்ததில்லை. சிந்தித்ததாகவும் வீட்டில் யாருக்கும் தகவல் இல்லை.

எல்லாம் கிடங்குக்கு வந்த ஒரு பழைய பத்திரிகைக் கட்டால் வந்தது. மேலே இருந்த இதழில், சிந்திக்கும் முதலீட்டாளர்கள் கவனிக்க வேண்டிய பொருளாதார, சமூகப் போக்குகள் பற்றி நாலு பக்கக் கட்டுரை. எடைக்கு வந்த அறிவை அவர் இலவசமாக வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

"ஏம்மா, ஒரு முடிவு எடுத்துட்டேன்" என்று குளியலறை வாசலில் நின்று அறிவித்தார்.

உள்ளே மனைவி படுக்கை விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள். வாஷிங் மெஷின் உயிரை விட்டு நான்கு மாதம். வாரமெல்லாம் கண்ணாடிக் கடையில் நின்று ஊரார் கண்ணைச் சோதிக்கிறவளுக்கு, ஞாயிறு வந்தால் இந்தச் சோதனை. வலது மணிக்கட்டில் ஒரு கட்டுத்துணி, கழற்றாத வளையல் மாதிரி.

"சொல்லுங்க."

"டெபாசிட் முடிஞ்சு பணம் வருதுல்ல, அத முழுசா பங்குல போடறோம்."

"அது மெஷினுக்குன்னு வெச்சதுங்க."

"மெஷின் வாங்கினா தேயும். பங்கு வாங்கினா வளரும்."

"இப்ப தேயறது என் கை."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. காதில் வேறு பெரிய விஷயங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"உலகம் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்கணும். போக்கு! போக்கப் பிடிச்சவன் பணத்தப் பிடிச்சான்."

"உங்க போக்கே பதினாறு வருஷமா எனக்குப் பிடிபடல."

"எனக்குத் தூரப்பார்வைம்மா!"

"இருக்கும். எங்க கடைக்குத் தினம் பத்துப் பேர் அதோட வராங்க. தூரத்துல இருக்கறது பளிச்சுன்னு தெரியும். பக்கத்துல இருக்கறதுதான் தெரியாது. பிளஸ் ஒண்ணரை போட்டாச் சரியாயிடும்."

அவர் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு சிக்கல். டெபாசிட் இருவர் பெயரிலும் இருந்தது. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு காசு நகராது.

மனைவி விரிப்பைப் பிழிந்தாள். பாதி பிழியும்போது ஏதோ தோன்றியிருக்க வேண்டும். முகம் தெளிந்தது.

"சரி, கையெழுத்துப் போடறேன். ஆனா எந்தப் போக்குன்னு முதல்ல கண்டுபிடிங்க. மூணு வாரம் டைம். எனக்கு நம்பிக்கை வந்தா நானே கொண்டுபோய்க் கட்டறேன்."

"அதான் கட்டுரையிலயே..."

"பழைய பேப்பர்ல இருக்கறது பழைய போக்கு. ஜனங்க கூடற இடத்துல உக்காந்து பாருங்க. தெருமுனையில காசு போட்டுத் துவைக்கிற கடை திறந்திருக்காங்களே, அங்க எல்லா மாதிரி ஆளும் வராங்களாம்."

"சும்மா போய் உக்காந்தா ஒரு மாதிரி பார்ப்பாங்களே."

"சும்மா ஏன் போறீங்க? ரெண்டு பை துணியோட போங்க. நீங்க ஆராய்ச்சி பண்றது ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏம்மா, உனக்கு மூளை இருக்கு!"

"எல்லாம் உங்ககூட இருந்து வந்ததுதான்."

புது நோட்டுப் புத்தகம் வாங்கினார். முதல் ஞாயிறு, இரண்டு பை துணியை மெஷினில் திணித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்: 'ஆண்கள் – ஒருவர், நான் நீங்கலாக.' அடுத்த ஞாயிறு ஐந்து பேர். மூன்றாவது ஞாயிறு பெஞ்சில் இடமே இல்லை. ஒன்பது ஆண்கள்! அதே மாடியில் எதிர்வீட்டில் இருக்கும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்கூட வந்திருந்தார், மடியில் துணி மூட்டை, கையில் நோட்டு.

"என்ன மாஸ்டர், துணி துவைக்கவா?"

"சேச்சே. துணி ஒரு சாக்கு சார். நான் மனுஷங்க பொறுமைய ஆராய வந்திருக்கேன். வண்டி ஓட்டச் சொல்லித் தரவனுக்கு அது அவசியமாம்."

"யாரு சொன்னா?"

"வீட்லதான். போன வாரம் உங்க வீட்டம்மாகூட ஒரு மணி நேரம் பேசிட்டு வந்தா. வந்ததும் இந்த யோசனையச் சொன்னா. நீங்க?"

"நானும் ஆராய்ச்சிதான்."

இருவரும் மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டார்கள். பிறகு ஒருவரையொருவர் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். பெஞ்சின் கோடியில் ஒரு பல் டாக்டரும் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் அறிக்கை வாசிக்கப்பட்டது.

"ஒண்ணு, அஞ்சு, ஒன்பது! ஆம்பளைங்க துவைக்க வந்துட்டாங்கம்மா. இது சமூகப் புரட்சி!"

"அட!"

"ஆனா எத்தனை நாளைக்குத் தாங்குவான்? மூணு வாரத்துக்கே எனக்கு இடுப்புப் போச்சு. ஆறு மாசத்துல அத்தனை பேரும் வீட்டுக்கு வீடு மெஷின் வாங்கத்தான் போறாங்க. இப்பவே மெஷின் கம்பெனியில பணத்தப் போட்டோம்னா..."

"நஷ்டமே வராதா?"

"வரவே வராது. எழுதியே தரேன்."

"துவைக்கிறது அவ்வளவு கஷ்டமாங்க?"

"நீ செஞ்சு பார்த்தாத் தெரியும்!" என்றவர், அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'நஷ்டம் வராது' என்று எழுதி வாங்கிக்கொண்டாள். பிறகு பேங்க் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கண்ணாடிக் கடைக்குப் பக்கத்திலேயே பேங்க். வியாழக்கிழமை அவளே போய்ப் பணத்தை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை, முடி வெட்டிக்கொண்டு பாதி பணக்காரராக வீடு திரும்பினார்.

"ஏம்மா, பங்கு வந்துடுச்சா?"

"வந்தாச்சுங்க. குளியலறையில இருக்கு."

போய்ப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று ஒன்று, மெல்ல முனகியபடி உள்ளே எதையோ சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கும் தலை சுற்றியது.

"கம்பெனியில போடச் சொன்னேன்!"

"கம்பெனியிலதான் போட்டேன். ரசீதப் பாருங்க, கொட்டை எழுத்துல கம்பெனி பேர். பங்கு வாங்கினா லட்சத்துல ஒரு துண்டு கிடைக்கும். நான் முழுசாவே வாங்கிட்டேன்."

"பணம் போச்சே!"

"எப்படிங்க போகும்? நஷ்டம் வராதுன்னு உங்க கையெழுத்து இருக்கே."

அவர் சுவரில் சாய்ந்தார். "அப்ப... என் பங்கு?"

அந்த நேரம் பார்த்து மெஷின் கீச்சென்று கூவி நின்றது. அவள் மூடியைத் திறந்து, ஈரத்துணியை வாளி நிறைய அள்ளி அவர் கையில் கொடுத்தாள். மணிக்கட்டில் கட்டு இல்லை.

"துவைக்கிறது மெஷினோட பங்கு. மொட்டைமாடியில காயப்போடறது உங்க பங்கு."

மாடி மூன்று. இரண்டாவது மாடித் திருப்பத்தில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. அவர் வீட்டுக்கும் நேற்று ஒரு மெஷின் வந்திருந்தது. போக்கு என்னவோ சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"என்ன சார், ஏதோ பங்கு வாங்கப் போறதாச் சொன்னீங்களே. எப்படி இருக்கு?"

"ஏறிட்டே இருக்கு மாஸ்டர்" என்றார், வாளியை மறு கைக்கு மாற்றியபடி.

கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு இறக்கிடுங்க!"