சின்னம்மா வளர்த்த கரணப் புறாக்கள்

லண்டனுக்கு வந்த தமிழர்களில் வானத்தைப் பார்த்து நடந்த ஒரே ஆள் கரணத்தார்தான். எண்பதுகளின் நடுவில் வந்து சேர்ந்த நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்து நடந்தோம். பனியில் சறுக்கி விழக்கூடாது, வாசலில் கிடக்கும் விசாக் கடிதத்தை மிதித்துவிடக்கூடாது என்ற கவலை எங்களுக்கு. அவர் மட்டும் அண்ணாந்து நடப்பார். தோர்ண்டன் ஹீத்தில் அவர் மோதாத விளக்குக் கம்பம் இல்லை. மோதியதும் கம்பத்திடம் "சொறி" என்று சொல்லிவிட்டு, கண்ணை வானத்திலிருந்து இறக்காமலே மேலே நடப்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை. பெற்றோல் நிலையத்தில் வேலை, நாற்பதைத் தாண்டிய வயது, கலியாணம் இல்லை. அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் நானும் தவமும் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். பின்வளவு முழுக்க அவருடைய கரணப் புறாக்கள். பக்கத்து வீட்டில் இருந்த ரொன் என்ற வெள்ளைக்காரக் கிழவர் பிடித்துக் கொடுத்த பைத்தியம் அது.

கரணப் புறா கூட்டத்தோடு ஒழுங்காகத்தான் பறக்கும். திடீரென்று ஒன்று பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கத் தொடங்கும். சிறகு எது, வால் எது என்று தெரியாமல் ஒரு பந்துபோலச் சுழன்றுகொண்டு கீழே விழும். பிறகு சட்டென்று நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல மேலே போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். இதை முதல்முறை பார்த்த தவம், "அண்ணை, உதுக்கு வலிப்பு வந்திட்டுது" என்று சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"வலிப்பு இல்லையடா தம்பி, வித்தை" என்றார் கரணத்தார். "கரணம் தப்பினால் மரணம் எண்டு சும்மாவே சொன்னவை? நிமிரத் தெரியாத புறா நிலத்திலை அடிபட்டுச் சாகும். சுத்தவும் வேணும், நிக்கவும் தெரியவேணும். ரெண்டும் தாய் தேப்பனிட்டை இருந்துதான் வரவேணும்."

ஆகவே எந்தச் சேவலை எந்தப் பேட்டோடு சோடி சேர்ப்பது என்பதுதான் அவருக்கு முழுநேர யோசனை. பெற்றோல் நிலையம் பகுதிநேரம். அழகான இரண்டைச் சேர்த்துவிட்டுக் கைகழுவுகிற ஆள் இல்லை அவர். பிறந்த குஞ்சுகளைப் பறக்கவிட்டு, எப்போது சுழலத் தொடங்குகிறது, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, கூட்டத்துக்குத் திரும்பி வருகிறதா என்று மாதக்கணக்கில் கழுத்து வலிக்கப் பார்ப்பார். ஒரு குஞ்சு அபாரமாகச் சுழன்றால் நாங்கள் கைதட்டுவோம். அவர் அசையமாட்டார்.

"ஒண்டு நல்லா வந்தால் அதிஷ்டம். கூடப்பிறந்ததுகளும் நல்லா வந்தால்தான் நல்ல சோடி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினிக்குள் வந்து, சாவு வீட்டுச் செய்தி சொல்வதுபோல, "மூலைக்கூட்டுச் சோடியைப் பிரிக்கப் போறன்" என்றார்.

"ஏன் அண்ணை, ரெண்டு பேரும் ஒற்றுமையாத்தானே இருக்கினம்" என்றான் தவம்.

"ஒற்றுமைக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளையள் எல்லாம் ரொன்ர கூரையிலை வந்து விழுகுது."

பிரித்தார். பிரித்த கவலையில் அன்று அவர் சாப்பிடவில்லை. பிரிந்த புறாக்கள் வயிறு நிறையச் சாப்பிட்டன.

இந்த அளவுகோலை அவர் மனிதர்களுக்கும் வைத்ததில்தான் கலியாணம் இல்லாமல் போனது. ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு மாமி சாதகத்தோடும் படத்தோடும் வந்தார். கரணத்தார் படத்தைப் பார்க்கவே இல்லை.

"பொம்பிளையோடை கூடப்பிறந்தவை இருக்கினமோ?"

"ஓம் தம்பி, எல்லாரும் நல்ல நிலைமையிலை இருக்கினம். மூத்தவர் டொக்டர்."

"அதை விடுங்கோ. விழுந்தால் எழும்புவினமோ?"

மாமி குடித்துக்கொண்டிருந்த ரீயைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்ரேசனுக்கு வழி கேட்டார்.

அவருடைய ஆகச் சிறந்த சோடி ஒரு கறுப்புச் சேவலும் சிவப்புப் பேடும். அவற்றின் குஞ்சு ஒன்றுகூடச் சோடை போனதில்லை. ஆனால் அந்தப் பேடு, நாங்கள் வைத்த பெயர் மகாராணி, பிள்ளை வளர்க்க லாயக்கில்லாதவள். கொஞ்சம் வெயில் எறித்தால் போதும், முட்டையை விட்டுவிட்டுக் குளிர்காய வந்துவிடுவாள். அதற்காகவே கரணத்தார் சாம்பல் நிறத்தில் ஒரு குண்டுச் சோடியை வைத்திருந்தார். அதுகளுக்குக் கரணமும் தெரியாது, வேலிக்கு மேலே பறக்க விருப்பமும் கிடையாது. பெயர் சின்னம்மா, சித்தப்பா. இரண்டு பேடுகளும் ஒரே சமயத்தில் முட்டையிடும்போது, சின்னம்மாவின் முட்டைகளை எடுத்துவிட்டு மகாராணியின் முட்டைகளை வைத்துவிடுவார். சின்னம்மா தன் முட்டை, பிறர் முட்டை என்று பார்க்கிற ஆள் இல்லை. தவம் வீடெல்லாம் தேடிய பிங்பொங் பந்துகூட ஒருநாள் அவளுக்குக் கீழேதான் இளஞ்சூடாகக் கிடந்தது.

"மகாராணிக்கு முட்டை போடத்தான் தெரியும். வளர்க்கிறது வேறை உத்தியோகம்" என்பார் கரணத்தார்.

ஓர் இளவேனிலில், எங்கள் கண்முன்னாலேயே, வல்லூறு ஒன்று பாய்ந்து கறுப்புச் சேவலைக் கொண்டு போய்விட்டது. மகாராணி அன்றோடு கூட்டுப் பக்கமே போகவில்லை. அந்தச் சோடியின் கடைசி முட்டைகள் இரண்டும் குளிர்ந்துகொண்டு கிடந்தன. நல்லகாலம், சின்னம்மாவும் அப்போதுதான் முட்டையிட்டிருந்தாள். கரணத்தார் இரண்டு முட்டைகளையும் உள்ளங்கையில் பொத்தி, வாயால் ஊதிச் சூடேற்றி, அவளுக்குக் கீழே வைத்தார்.

பொரிக்கிற நாள் நெருங்கியதும் வேலைக்கு ரெலிபோன் எடுத்து, வீட்டில் பிரசவம், வர ஏலாது என்றார். எத்தனை பிள்ளை என்று மனேச்சர் கேட்க, யோசிக்காமல் இரட்டை என்றுவிட்டார். அவர் திரும்ப வேலைக்குப் போனபோது மனேச்சரின் மனைவி பின்னிய இரண்டு கம்பளித் தொப்பிகள் காத்திருந்தன. மறுக்க முடியாமல் கொண்டுவந்து புறாக்கூட்டுக் கதவில் கொழுவினார்.

சின்னம்மா தன் தொண்டையில் ஊறிய பாலை ஊட்டி, பிறகு தானியம் ஊட்டி, இரண்டையும் தன்னைப்போலவே குண்டாக்கினாள். கோடை பிறந்தும் அதுகள் சுழலவில்லை. சித்தப்பாவைப் பார்த்துப் பழகிவிட்டதோ என்று தவம் கேட்டான். கரணத்தார் அன்றே சித்தப்பாவின் கூட்டுக்கு முன்னால் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். கோடை முடிகிற நேரத்தில் முதலில் ஒன்று, பிறகு மற்றது, மெல்ல மெல்லக் கரணம் அடிக்கத் தொடங்கின.

அந்த வருடம்தான் ரொன் அவரைப் புறாச் சங்கத்துப் போட்டியில் சேர்த்துவிட்டார். அந்தப் போட்டியில் புறாக்களை எங்கும் கொண்டு போகத் தேவையில்லை. நடுவர் வீடு வீடாக வந்து பார்ப்பார். கூட்டம் பிரியாமல் பறக்கவேண்டும், பல புறாக்கள் ஒன்றாகச் சுழலவேண்டும், ஒன்றாவது கூரையில் இறங்கிவிட்டால் எல்லாம் போச்சு. நாங்கள் மினுக்கிய சேட் போட்டு நின்றோம். நடுவருக்குத் தவம் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்திருந்தான். அவர் ஒன்றைக் கடித்துவிட்டு, இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வானத்தைப் பார்த்தார்.

கரணத்தார் கூட்டைத் திறந்தார். புறாக்கள் ஒரே வீச்சில் எழும்பின. அவற்றுக்குப் பின்னால், கொளுக்கி கழன்ற பக்கத்துக் கூட்டிலிருந்து, வாழ்நாளில் வேலியைத் தாண்டாத சின்னம்மாவும் எழும்பினாள். மூச்சு வாங்கிச் சிறகடித்து, கூட்டத்தைக் குறுக்கே பிளந்து, ரொன்னின் புகைபோக்கியில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள். ரொன் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நடுவரின் பென்சில் நின்றுவிட்டது. தவம் தானியப் பேணியைக் குலுக்கி அவளைக் கீழே கூப்பிடப் போனான். கரணத்தார் அவன் கையைப் பிடித்தார்.

"விடு தம்பி. தான் வளர்த்ததுகள் என்ன செய்யுதெண்டு அவளும் ஒருக்காப் பாக்கட்டும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, இரண்டு குஞ்சுகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே கணத்தில், சுழலத் தொடங்கின. விழுந்தன, விழுந்தன, புகைபோக்கியையும் தாண்டி விழுந்தன. தவம் கண்ணை மூடிக்கொண்டான். வேலி உயரத்துக்குச் சற்று மேலே இரண்டும் ஒன்றாக நிமிர்ந்து, மேலே ஏறிப் போயின. உண்மையைச் சொன்னால், சின்னம்மா அந்த நேரம் தன் செட்டையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

நடுவர் கையிலிருந்த ரோல்ஸைத் தவத்திடம் கொடுத்தார். பிறகு, அவை எந்தச் சோடியின் குஞ்சுகள் என்று கேட்டார்.

"கறுப்புச் சேவலும் சிவப்புப் பேடும்" என்று தன் ஆங்கிலத்தில் தொடங்கிய கரணத்தார், ஒருகணம் நின்றார். புகைபோக்கியைக் காட்டி, தமிழிலேயே, "அவவும்" என்றார்.

வெற்றிக் கிண்ணம் வேறு யாருக்கோ போனது. யாருக்கு என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் நான் கலியாணம் செய்து கிங்ஸ்பரிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கரணத்தாரின் ரெலிபோன் வரும். எந்தப் பேட்டை எதோடு விட்டிருக்கிறார், யாருடைய முட்டை இப்போது யாருக்குக் கீழே இருக்கிறது என்று நீட்டி முழக்கிச் சொல்லுவார். எனக்குப் பாதி விளங்காது. ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போது மனைவி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "ஆரப்பா கதைக்கிறது" என்று கேட்பாள்.

"வீட்டிலையிருந்து" என்பேன்.